கழுத்து வலிக்குதா? எப்பலேர்ந்துன்னு சொல்லு!

தங்கச்சி, முதல்ல அந்தத் தைல பாட்டிலைக் கீழ வை. தேய்க்க வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஆறு மாசமா அதே இடத்துல அதே தைலத்தைத் தேய்க்கிறே. எக்ஸ்ரே எடுத்தாச்சு, "ஒண்ணும் இல்லை"ன்னு டாக்டரும் சொல்லியாச்சு, வலி மட்டும் போன பாடில்லை. இனிமே அதை அமுக்கிறதைக் கொஞ்சம் நிறுத்திட்டு, அது எப்ப வருது, யார் எதிர்ல வருது, என்ன நடந்த பிறகு ஆரம்பிச்சுதுன்னு கவனி. உனக்கு நேரமே இல்லைன்னு தெரியும். அதனால குக்கர் விசில் வர்றதுக்குள்ள செய்யக்கூடியதா பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் "எல்லாம் உன் மனப்பிரமை"ன்னு வீட்டுல யாராவது ஆரம்பிப்பாங்க. காதுல வாங்காதே. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979-ல வலின்னா என்னன்னு வரையறுத்தப்பவே, அது உடம்பும் உணர்வும் சேர்ந்த அனுபவம்னுதான் எழுதினாங்க. 2020-ல திருத்தி எழுதினப்பவும் அந்தப் பகுதியை எடுக்கலை. ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும்னு கூடவே சேர்த்தாங்க. கவலையும் பயமும் விழுங்கின கோபமும் உடம்புலதான் வேலை செய்யுது: தோள் தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும், பல் கடிபடும், குடல் முறுக்கும். மூணு மாசத்துக்கு மேல ஒரு வலி நீடிச்சா நரம்புகளும் ரொம்ப உஷாராயிடும். ஈரம் இறங்கின காலிங் பெல் மழைக்காலத்துல யாரும் வராமலே அடிக்கிற மாதிரி, காயம் ஆறின பிறகும் வலி அடிச்சுக்கிட்டே இருக்கும். அடிக்கிற சத்தம் நிஜம்தான். நீ நடிக்கலை.

1. முதல்ல டாக்டர், அப்புறம்தான் மத்ததெல்லாம்

மனசுன்னு பேச்செடுத்ததும் நேரா தியானத்துல போய் உக்கார்றவங்க இருக்காங்க. அந்த அவசரம் வேண்டாம். கீழ இருக்கறதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் இதை மூடி வெச்சுட்டுக் கிளம்பு:

- நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கறது, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவற வலி. உடனே 108. பெண்களுக்கு நெஞ்சு வலி பெரிசா இல்லாம, குமட்டலும் அசதியும் மூச்சுத் திணறலுமாக்கூட மாரடைப்பு வரும். "கேஸ் பிரச்னை"ன்னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதே.
- இதுவரைக்கும் வராத அளவுக்குத் திடீர்னு வெடிக்கிற தலைவலி. வாய் கோணறது, பேச்சு குழறறது, ஒரு பக்கம் கை கால் விழறது.
- முதுகு வலியோட கால் மரத்துப் போறது, சிறுநீர் அடைச்சுக்கிறது அல்லது தன்னை அறியாமப் போறது.
- வலியோட காய்ச்சல், காரணமே இல்லாம எடை குறையறது.
- யாராவது அடிச்சதால வந்த வலி. அங்க கவனிக்க ஒண்ணும் இல்லை, உனக்குப் பாதுகாப்பு வேணும். 181-க்குப் பேசு.

சாவு நடந்த வீட்டுல அம்மாவோ அத்தையோ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா "துக்கத்துல அப்படித்தான் இருக்கும்"னு தண்ணி கொடுத்து உக்கார வைக்கிறாங்க பாரு, அதைப் பார்த்தா எனக்கு மனசு பதறும். டகோட்சுபோன்னு ஒரு இதய நோய் இருக்கு. ஜப்பான் டாக்டர்கள் 1990-ல பேர் வெச்சாங்க. பெரிய துக்கமோ அதிர்ச்சியோ தாக்கின கையோட இதயத் தசை திடீர்னு பலவீனமாகி, பார்வைக்கு மாரடைப்பாவே இருக்கும். மாதவிடாய் நின்ன வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருது. பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும், ஆனா ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்க்கணும். துக்கம்னாலும் ஈ.சி.ஜி. எடுத்தே ஆகணும்.

2. ரத்தம் சோதிக்காம மனசைக் குற்றம் சொல்லாதே

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு வலி, தலைவலி, எதுக்கெடுத்தாலும் எரிச்சல், இதெல்லாம் அதுலயும் வரும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, பி12 பார்க்கணுமான்னு டாக்டரைக் கேளு. தோளைத் தூக்கவே முடியலைன்னா சர்க்கரையைக் கட்டாயம் பார்க்கணும், தோள் இறுகிப்போற நோய் சர்க்கரை உள்ளவங்களுக்கு அதிகம்.

மாசாமாசம் பீரியட்ஸ் வலியில சுருண்டு படுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "கல்யாணமானா சரியாயிடும்"னு சொல்றதைக் கேட்டுக் காத்திருக்காதே. எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம். மகப்பேறு டாக்டரைப் போய்ப் பாரு.

3. மாத்திரையை எண்ணு

மெடிக்கல் ஷாப்ல அட்டையோட வாங்கி ஹேண்ட்பேக்ல வெச்சிருக்கியே, அதை எண்ணு. மாசத்துல 15 நாள் அல்லது அதுக்கு மேல சாதாரண வலி மாத்திரை போடற பழக்கம் மூணு மாசத்தைத் தாண்டினா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும். ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைன்னா மாசம் 10 நாளே போதும். வெறும் வயித்துல போட்டா இரைப்பையில புண். பி.பி., சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. சட்டுனு நீயே நிறுத்தாதே, கணக்கை எழுதிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு.

4. "ஏன்"னு கேட்காதே, "எப்ப"ன்னு கேளு

நான் சொல்றதுல முக்கியமானது இதுதான். நிதானமாப் படி.

"எனக்கு ஏன் இப்படி வலிக்குது?"ன்னு கேட்டா மனசு ஜாதகம், கண் திருஷ்டி, போன ஜென்மம்னு எங்கெங்கேயோ போய்ச் சுத்திட்டு அழுகையில வந்து நிக்கும். "எப்ப?"ன்னு கேட்டா பதில் கிடைக்கும்.

புது நோட்டு வாங்காதே, வாங்கினா அதுக்கு அட்டை போடறதுலயே ஆர்வம் தீர்ந்துடும். சுவர்ல மாட்டியிருக்கிற தினசரி காலண்டர்ல கிழிக்கிற தேதித் தாள் இருக்கில்ல, அதோட பின்பக்கம் போதும். வலி வந்த நேரம், உடம்புல எந்த இடம், அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல என்ன நடந்தது. மூணே விஷயம். ரெண்டு வாரம் எழுதி கிளிப்ல மாட்டி வை. அப்புறம் ஒரு நாள் மொத்தமா எடுத்துப் பரப்பிப் பாரு.

என்ன தெரியும்னு கேக்கறியா? ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மட்டும் வயிறு பிசையுது. திங்கள் காலையில ஆபீஸ் மீட்டிங். சீட்டுப் பணம் கட்டற வாரத்துல மட்டும் பின்மண்டை வலி. ஒரு குறிப்பிட்ட ஆள்கிட்டேர்ந்து போன் வந்து வெச்ச பிறகு கழுத்து திரும்பறதில்லை. அண்ணன் இறந்த மாசம் வந்தா, திதி தேதியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நெஞ்சு பாரமாகுது. இதெல்லாம் யாரும் ஜோசியம் பார்த்துச் சொன்னதில்லை, அவங்கவங்க எழுதினதுலேர்ந்தே தெரிஞ்சது.

ரெண்டு எச்சரிக்கை. எல்லா வலிக்கும் அடியில ஒரு சோகத்தைத் தேடிக்கிட்டு இருக்காதே. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டே சப்பாத்தி திரட்டினா கழுத்து வலிக்கத்தான் செய்யும். ஸிங்க் ரொம்பத் தாழ்வா இருந்தா இடுப்பு வலிக்கும். தலையணையை மாத்தினா தீர்ற விஷயத்துக்கு மனசைக் கிளற வேண்டாம். இன்னொண்ணு, ரெண்டு வாரம் ஆனதும் எழுதறதை நிறுத்திடு. நாள் பூரா வலியையே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா அது பெரிசாகும்.

வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்துமே, இடுப்பு வலின்னா பணக் கவலை, முட்டி வலின்னா ஈகோ, தோள் வலின்னா பொறுப்புன்னு? அதுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரே கவலை ஒருத்தருக்கு வயித்துல இறங்கும், இன்னொருத்தருக்குத் தலையில ஏறும். உன்னோடது எங்கேன்னு உன் தேதித் தாள்தான் சொல்லும்.

5. பாயை விரிச்சுப் படு, பத்து நிமிஷம்

1979-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில ஜான் கபாட்-ஜின் ஒரு பயிற்சியை ஆரம்பிச்சார். மருந்துல தீராத நாள்பட்ட வலிக்காரங்களை அவர்கிட்ட அனுப்பினாங்க. அவர் சொல்லிக்கொடுத்ததுல ஒண்ணு, படுத்துக்கிட்டு உடம்பை ஒவ்வொரு இடமா மனசால சுத்தி வர்றது. சவாசனம் பண்ணிப் பழகினவங்களுக்கு இது புதுசா இருக்காது. அந்தப் பயிற்சியில 45 நிமிஷம் பண்ணுவாங்க. உனக்குப் பத்து நிமிஷம் போதும்.

மல்லாந்து படு. முட்டிக்குக் கீழ ஒரு தலையணை வை, இடுப்பு இளகும். இடது கால் விரல்லேர்ந்து ஆரம்பி. சூடா, குளிர்ச்சியா, மரத்திருக்கா, ஒண்ணுமே தெரியலையா? தெரியலைன்னாலும் சரி, அடுத்த இடத்துக்குப் போ. வலிக்கிற இடம் வந்ததும் தாண்டி ஓடாதே, அதைச் சரி பண்ணவும் பார்க்காதே. அதோட ஓரம் எங்க, குத்துதா, இழுக்குதா, மூச்சு விடறப்ப மாறுதான்னு மட்டும் பார்த்துட்டு மேல போ. சில சமயம் அந்த இடத்துல இருக்கிறப்ப கண்ணுல தண்ணி வரும், பழைய முகம் ஒண்ணு ஞாபகம் வரும். வரட்டும். துடைச்சுட்டுத் தொடரு.

மனசு ரொம்பப் படபடத்தா, பழைய பயங்கரம் ஏதாவது கண் முன்னாடி வந்தா, உடனே கண்ணைத் திற. எழுந்து உக்காந்து ரெண்டு பாதத்தையும் தரையில அழுத்து. அறையில தெரியற அஞ்சு பொருளோட பேரைச் சொல்லு. அப்படிப்பட்ட பழைய காயம் உள்ளவங்க இதைத் தனியாப் பண்ணக் கூடாது. மனநல ஆலோசகர் பக்கத்துல இருக்கணும்.

6. படுக்க இடமும் நேரமும் இல்லையா?

பஸ்ல, அடுப்பு முன்னாடி, லிஃப்ட்ல. ரெண்டு தோளையும் காது வரைக்கும் தூக்கு, அஞ்சு விநாடி இறுக்கிப் பிடி, தொப்புனு விடு. மூணு தடவை. அப்புறம் மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாரு. சாப்பிடாத நேரத்துல பல் ரெண்டும் ஒட்டக் கூடாது, உதடு மட்டும்தான் மூடியிருக்கணும். தசையை இறுக்கி விடற முறையை எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1929-லயே புத்தகமாப் போட்டுட்டார். இறுகியிருக்கிறதே நமக்குத் தெரியாமப் போயிடுது, இறுக்கி விட்டாத்தான் வித்தியாசம் புரியும். கழுத்து டிஸ்க் பிரச்னை, தோள் இறுக்கம் உள்ளவங்க மட்டும் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுட்டுப் பண்ணுங்க.

7. அழ வேண்டியதை அழுதுடு

என் சித்தி பொண்ணு ஒருத்தி. அப்பா போனப்ப வீட்டுக்கு மூத்தவ. ஆஸ்பத்திரி பில், ஆம்புலன்ஸ், சொந்தக்காரங்களுக்குத் தகவல், பதினாறாம் நாள் சமையல்காரருக்கு அட்வான்ஸ், எல்லாம் அவதான். "எவ்வளவு தைரியமா நிக்கிறா பாரு"ன்னு ஊரே மெச்சினது. மூணு மாசம் கழிச்சு தாடை வலி. சொத்தைப் பல்னு நினைச்சுப் பல் டாக்டர்கிட்ட போனா. சொத்தை இல்லை. அவர் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார்: கோரைப் பல்லோட கூர் தேஞ்சு தட்டையா இருந்தது. ராத்திரி தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சிருக்கா. தூங்கறப்ப மாட்டிக்கப் பல் கவசம் செஞ்சு கொடுத்தார். "சமீபத்துல வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"ன்னும் கேட்டார். அந்த நாற்காலியிலயே உடைஞ்சு அழுதிருக்கா. அதுவரைக்கும் அவளை யாரும் அப்படிக் கேட்கலை. அவ அப்பா இறந்ததுக்கு எல்லாரும் அவ அம்மாகிட்டதான் துக்கம் விசாரிச்சாங்க.

அதுக்கப்புறம் அவ பண்ணது பெரிசா ஒண்ணும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு அலையற வேலையைத் தம்பிகிட்ட கொடுத்தா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவோட உக்காந்து அப்பாவைப் பத்திப் பேசினா. அவர் கோபத்தைப் பத்தி, காபிக்குச் சர்க்கரை போதலைன்னு அவர் பண்ணின கலாட்டாவைப் பத்தி. தாடை வலி நிறையக் குறைஞ்சுது. முழுசாப் போகலை, இன்னும் பல் கவசம் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா. பாதி குறைஞ்சாலே எவ்வளவு நிம்மதின்னு வலிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

அதனால சொல்றேன், வீட்டுல பொறுப்பா நிக்கிறவளா நீ இருந்தா உன் அழுகைக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கு. பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறதெல்லாம் சேராது. கேட்க ஒரு ஆள் இருக்கணும்.

8. எழுதிக் கிழிச்சுப் போடு

ஆள் இல்லையா? தாள் இருக்கு. 1986-ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, ஒரு நாளைக்கு 15 நிமிஷம், மனசுல இருக்கிற பெரிய வேதனையைப் பத்தி எழுத வெச்சார். நடந்ததையும் அதுல பட்ட உணர்வையும் சேர்த்து எழுதினவங்க அடுத்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போனது குறைஞ்சுது. பிறகு பலர் இதைச் சோதிச்சுட்டாங்க. பலன் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை, ஆனா செலவு இல்லாத மருந்து.

எழுத்துப் பிழை பார்க்காதே. யாருக்கும் காட்டாதே. முடிஞ்சதும் கிழிச்சுடு, அப்பத்தான் உண்மை வரும். எழுதின அன்னிக்கு மனசு கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், அந்த மாணவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்து விட்டுடாதே. வேலைக்குக் கிளம்பற அவசரத்துல எழுத வேண்டாம். துக்கம் நடந்து சில நாள்தான் ஆகுதுன்னாலும் வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்.

9. கண்டுபிடிச்சாச்சா? ஒரு விஷயத்தை மாத்து

நிறையப் பேர் இங்கதான் நின்னு போயிடறாங்க. "எனக்குத் தெரியும்க்கா, எல்லாம் அந்த வீட்டுப் பிரச்னையாலதான்"னு சொல்லுவாங்க. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? தேதித் தாள் காட்டின பத்துல ஒண்ணை மட்டும் எடு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அந்த போனை எடுக்காதே. மாமியார் மருந்து வாங்கற வேலையை வீட்டுக்காரர் பார்க்கட்டும். கேட்கறப்ப "நீங்க எதுவுமே செய்யறதில்லை"ன்னு ஆரம்பிக்காதே, சண்டையில முடியும். "செவ்வாயும் வெள்ளியும் எனக்குக் கழுத்து வலி தாங்கலை, அந்த ரெண்டு நாள் ராத்திரி டிபன் நீங்க பார்த்துக்கோங்க"ன்னு நாளும் வேலையும் குறிச்சுக் கேளு. கொடுக்கிற தோசை கருகியிருந்தாலும் சாப்பிடு. எழுந்து போய்த் திருத்தாதே.

நடக்கறதை மட்டும் நிறுத்தாதே. வலிக்குதுன்னு நாள் கணக்கா படுத்தா முதுகு இன்னும் இறுகும். தெரு முனை வரைக்கும் போயிட்டு வா.

10. மனநல டாக்டர்னா முகம் சுளிக்காதே

1999-ல வெளிவந்த ஒரு ஆய்வு. 14 நாடுகள்ல, பெங்களூரையும் சேர்த்து, பொது மருத்துவர்கிட்ட வந்தவங்களைப் பார்த்தாங்க. மனச்சோர்வு இருந்தவங்கள்ல 69 சதவீதம் பேர் டாக்டர்கிட்ட சொன்னது உடம்பு உபாதையை மட்டும்தான். வருத்தமா இருக்குன்னு அவங்க சொல்லவே இல்லை. அதனால, ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காம, எதுலயும் மனசு ஒட்டாம, கூடவே வலியும் இருந்தா டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. முதுகை மட்டும் காட்டிட்டு வராதே.

அவர் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின்னு எழுதிக் கொடுத்தா, கூகுள்ல பார்த்துட்டு "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டார்"னு அழாதே. அதெல்லாம் மனச்சோர்வு மருந்துதான், ஆனா நரம்பு வலிக்கும் நாள்பட்ட வலிக்கும் கொடுக்கறது வழக்கம். கேட்காம நிறுத்தாதே.

நேர்ல போகத் தயக்கமா இருந்தா டெலி மனஸ், 14416. 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்சது. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம். இலங்கையில இருக்கிறவங்களுக்கு 1926. உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு தோணினா காலண்டர், பாய், தாள் எல்லாத்தையும் விட்டுடு. அந்த நிமிஷமே போன் பண்ணு, யாரையாவது பக்கத்துல வெச்சுக்கோ.

11. உன் குழந்தை வயித்து வலின்னு சொன்னா

ஸ்கூல் நாள் காலையில மட்டும் தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னு சொல்லும். சனிக்கிழமை வலிக்காது. "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்"னு முதுகுல ஒண்ணு வைக்காதே. அவனுக்கு வலிக்கத்தான் செய்யுது. முதல்ல குழந்தை டாக்டர்கிட்ட காட்டி பூச்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இல்லைன்னு பார்த்துடு. வாந்தி, காய்ச்சல், வலது பக்க அடிவயித்துல வலி இருந்தா அன்னிக்கே போகணும்.

அதுவும் இல்லைன்னா, யூனிஃபார்ம் மாட்டற அவசரத்துல கேட்காதே. ராத்திரி விளக்கை அணைச்ச பிறகு பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேளு. வேன்ல யார் பக்கத்துல உக்கார்றே? டிபன் பாக்ஸை யாராவது எடுத்துக்கறாங்களா? பாத்ரூம் போக மிஸ் விடறாங்களா? உன்னை யாராவது தொட்டு, சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களா? ஒரே ராத்திரியில எல்லாத்தையும் கொட்டிடாது. நாளைக்கு ஒரு கேள்வி, மறுநாள் ஒண்ணு. பதில் வந்ததும் "இதுக்குப் போயா அழுதே?"ன்னு மட்டும் சொல்லிடாதே. தொட்ட விஷயமா இருந்தா 1098, குழந்தைகளுக்கான உதவி எண். மத்ததுக்கு மறுநாள் காலையில நீயே அவனோட ஸ்கூலுக்குப் போ, கிளாஸ் டீச்சரைத் தனியாப் பார்த்துப் பேசு.